உங்களையும் சேர்த்து எண்ணுங்கள், சகோதரி

கடிதம் எழுதியவரைச் சரோஜா என்று அழைப்போம். பெயர் மாற்றியிருக்கிறேன், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். வயது 49. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் வீடு. பள்ளிக் கேண்டீனில் வேலை. எட்டுப் பக்கக் கடிதம். அதன் சுருக்கம் இது.

அவருடைய கணவருக்கு 57 வயது. பால்மரம் வெட்டி (ரப்பர் பால் எடுத்து), பிறகு செம்பனைக் குலை அறுத்து, இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்தவர். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்ததும் டவுனில் ஒரு கிடங்குக்கு ஜாகா (காவல்) வேலைக்குப் போனார். அது ஆயிற்று நான்கு வருடம். இரவு ஏழு முதல் காலை ஏழு வரை வேலை. எட்டு வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), கூடவே ரத்தக் கொதிப்பு. ஐந்து மாதத்துக்கு முன் அரசாங்க கிளினிக் மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிட்டார். ‘அவர் அண்ணன் பதினைந்து வருசம் மாத்திரை போட்டார். இப்போது வாரம் மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். மாத்திரைதான் கிட்னியைத் தின்றது என்று இவர் முடிவு கட்டிவிட்டார்’ என்று எழுதுகிறார் சரோஜா.

மாத்திரைக்குப் பதிலாக, வாட்ஸ்அப்பில் ஒருவர் விற்கும் மூலிகைக் கேப்ஸ்யூல். குப்பி 120 வெள்ளி (ரிங்கிட்). அது வேலை செய்வதாகவே சரோஜாவுக்கும் தோன்றியிருக்கிறது. பல வருட முழங்கால் வலி இரண்டே வாரத்தில் போய்விட்டதாம், பசி நன்றாக எடுக்கிறதாம், முகமும் கொஞ்சம் பூரித்திருக்கிறதாம். ஆனால் மூன்று வாரத்துக்கு முன் கிளினிக்கில் பார்த்தபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 10.4. ரத்த அழுத்தம் 158/94. ‘இனி இன்சுலின் ஊசிதான்’ என்று டாக்டர் சொல்ல, இவர் எழுந்து வந்துவிட்டார். மாத்திரையை விட்ட கதையை அங்கே வாய் திறக்கவில்லை. சிறுநீரில் நுரை வருகிறது. பாதம் மரத்திருக்கிறது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீ மிதிப்பதாக வேண்டுதல் இருக்கிறது. இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

கேள்விகள் மூன்று. இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம்தானே? சங்கிலியை அடகு வைத்தாவது ஈப்போவில் தனியார் ஸ்பெஷலிஸ்டிடம் கூட்டிப் போகட்டுமா? இந்த மனிதரை எப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவது?

சகோதரி, நீங்கள் எழுதியது ஒருவரைப் பற்றி. நான் படித்து முடித்தபோது அதில் மூன்று நோயாளிகள் இருந்தார்கள். மற்ற இருவருக்கும் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் வீட்டுக்காரர், அதிலும் முதலில் அந்தக் குப்பி.

குப்பியை எறிந்துவிடாதீர்கள்

முழங்கால் வலி இரண்டு வாரத்தில் மாயமாவது, பசி கூடுவது, முகம் உப்புவது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் எந்த மருத்துவருக்கும் நினைவுக்கு வருவது ஸ்டீராய்டு. பதிவில்லாத ‘மூலிகை’ மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும், சர்க்கரையை வேகமாக இறக்கும் கிளிபென்கிளமைடு என்ற மாத்திரையையும் சொல்லாமல் கலந்து விற்பது இந்த நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபட்ட விஷயம். உங்கள் குப்பியிலும் அதுதான் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகப்படக் காரணம் நிறைய இருக்கிறது. ஸ்டீராய்டு வலியை அமுக்கும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும்.

இங்கே ஒரு ஆபத்து உண்டு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் சோம்பிப் போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ஆளை மயக்கிப் போட்டுவிடும். அதனால் என் பதிலைப் படித்த கோபத்தில் குப்பியைத் தூக்கிக் குப்பையில் போடாதீர்கள். அடுத்த தேதி வரை காத்திருக்காமல், ஓரிரு நாளிலேயே குப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். எப்படி நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும். இதற்கிடையில் வாந்தி, நிற்க முடியாத தளர்ச்சி, தலைசுற்றல், அரைத் தூக்கத்தில் இருப்பது போன்ற நிலை வந்தால் கிளினிக் வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு.

மலேசியாவில் பதிவு பெற்ற மருந்து என்றால், பாரம்பரிய மருந்தாகவே இருந்தாலும், டப்பாவில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். உங்கள் குப்பியைத் திருப்பிப் பாருங்கள்.

மாத்திரை கிட்னியைத் தின்றதா?

இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அதனால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள். கிட்னியின் வேலைத்திறன் குறைந்தால் மெட்ஃபோர்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அளவை டாக்டர் குறைப்பார். ரொம்பக் குறைந்துவிட்டால் அடியோடு நிறுத்திவிடுவார். கிட்னி கெட்டதால் மாத்திரை நின்றது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களோ, மாத்திரை கெடுத்தது, டாக்டருக்கே தெரிந்துபோய் நிறுத்திவிட்டார் என்று கதையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

கிட்னியைக் கெடுப்பது வருடக்கணக்கில் இறங்காத சர்க்கரையும், அதோடு சேர்ந்த ரத்த அழுத்தமும். இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் இனிப்பு நீர்தான். கிட்னிக்குள் இருக்கும் நுண்ணிய வடிகட்டிகள் அழுத்தம் தாங்காமல் தளர்ந்து, உள்ளே நிற்க வேண்டிய புரதத்தை வெளியே கசிய விடும். அண்ணனுக்கு என்ன நடந்தது என்று அவரைப் பார்க்காமல் நான் சொல்வது முறையாகாது. ஆனால் பதினைந்து வருடம் மாத்திரை வாங்கியதும், பதினைந்து வருடம் சர்க்கரை கட்டுக்குள் இருந்ததும் ஒன்றில்லை. கிளினிக்கில் வாங்கிய மருந்துப் பை பிரிக்காமல் அலமாரியில் கிடப்பதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரரின் நுரைக்கு வேறு காரணமும் இருக்கலாம், புரதக் கசிவாகவும் இருக்கலாம். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு, இந்த இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். கசிவு ஆரம்ப நிலையில் இருந்தால் அதை மெதுவாக்க முடியும். அவர் விட்ட மாத்திரைகளில் பெரிண்டோபிரிலும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அது கொதிப்புக்கு மட்டும் கொடுப்பதில்லை. அந்த வடிகட்டிகளின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைத்துக் கிட்னியைக் காப்பதற்கும்தான். கிட்னிக்குப் பயந்து கிட்னியின் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்! அவரே ஜாகா வேலை பார்ப்பவர், இப்படிச் சொன்னால் சிரித்துக்கொண்டாவது கேட்பார்.

இன்னொன்று. ‘இங்கிலீஷ் மருந்து வேண்டாம், செடி கொடிதான் நல்லது’ என்கிறாராம். மெட்ஃபோர்மினுக்கே ஒரு செடிதான் மூலம். ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்பட்ட காலேகா என்ற செடியில் கண்ட பொருளைத் தொடர்ந்து போய்ச் செய்த மருந்து அது. 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இனிப்பு நீருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அதாவது அறுபது எழுபது வருடமாக உலகமே போட்டுப் பார்த்துவிட்ட செடி மருந்து.

இன்சுலின் கடைசிக் கட்டமா?

நம் ஊர்களில் இன்சுலினை ஆகக் கடைசியில், காலில் புண் வந்து, கண் மங்கி, வேறு வழியில்லாமல் தொடங்குகிறார்கள். ஆறு மாதத்தில் விரலை எடுக்கிறார்கள். ‘ஊசி போட்டதும் காலை எடுத்துட்டாங்க’ என்று ஊர் பேசுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோவில், உலகத்தில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்டவன் 14 வயதுச் சிறுவன். சாகக் கிடந்தவன் மேலும் 13 வருடம் வாழ்ந்தான். இன்சுலின் நம் கணையம் தினமும் சுரக்கும் பொருள். இந்த நோயைக் கண்டுபிடிக்கிற நாளிலேயே அந்தச் சுரப்புத் திறனில் கிட்டத்தட்டப் பாதி போயிருக்கும். எட்டு வருடம் கழித்து இன்னும் குறைந்திருந்தால் அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. குறைந்ததை வெளியிலிருந்து நிரப்புகிறோம், அவ்வளவுதான்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி வேறு. அவர் மாத்திரையை நிறுத்தியது டாக்டருக்குத் தெரியாது! டாக்டர் என்ன நினைத்திருப்பார்? ‘இவ்வளவு மாத்திரையும் போட்டு 10.4 என்றால், மாத்திரைக்கு இனி சக்தியில்லை, ஊசிக்குப் போகலாம்.’ அவர் கையில் இருந்த கணக்கு தப்பு. மாத்திரை போடாத ஐந்து மாதமும், ஒருவேளை ஸ்டீராய்டும் சேர்ந்து ஏற்றிய எண் அது. உண்மையைச் சொன்னால், மாத்திரைகளை மறுபடி ஒழுங்காகத் தொடங்கி மூன்று மாதம் பார்க்கலாம் என்று அவர் சொல்ல இடமுண்டு. சர்க்கரை மிக அதிகமாக இருப்பதால் கொஞ்ச காலம் இன்சுலின் போட்டு இறக்கிவிட்டுப் பிறகு குறைக்கலாம் என்றும் சொல்லலாம். நிரந்தரமாகவே வேண்டும் என்றும் சொல்லலாம். எது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு அவராலும் சொல்ல முடியாது.

திட்டுவார்களோ என்று பயம் இருக்கும். ஒருவேளை திட்டலாம்தான். என் பயிற்சிக் காலத்தில் ஒரு மூத்த டாக்டர், மருந்தை விட்ட பாட்டி ஒருவரை வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார். அந்தப் பாட்டி அடுத்த தேதிக்கு வரவில்லை. அதிலிருந்து, ‘மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா?’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ‘போன வாரம் எத்தனை நாள் போட முடியாமல் போச்சு?’ என்றுதான் கேட்பேன். நீங்களும் வீட்டில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

ஊசி தொடங்கினால் இரண்டு விஷயம். உடம்பு நடுங்கி வியர்த்துக் கொட்டினால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். காவல் கொட்டகையிலும் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கட்டும். இப்போதே விடியற்காலையில் சில நாள் அவருக்கு அப்படி வியர்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், இன்சுலினை மோட்டார் சீட்டுக்கு அடியில் வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் மருந்து செத்துவிடும்.

சம்பள நாளில் குடிப்பதைப் பற்றி ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நானும் ஒரே வரியில் சொல்கிறேன்: வெறும் வயிற்றில் குடியும் சர்க்கரை மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும், பார்ப்பவர்கள் போதை என்று நினைத்துப் படுக்க விட்டுவிடுவார்கள்.

தீமிதி

அம்மன் காரியத்தில் டாக்டருக்கு என்ன வேலை என்று அவர் கேட்டால், நியாயமான கேள்வி. நானும் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வளர்ந்தவன், வேண்டுதலின் கனம் தெரியும். நான் பேசுவது பாதத்தைப் பற்றி மட்டும். உணர்ச்சியுள்ள பாதம் சுட்டால் சொல்லும். மரத்த பாதம் சொல்லாது. கொப்புளம் வந்ததே மூன்றாம் நாள் வாடை அடிக்கும்போதுதான் தெரியும். சர்க்கரை 10-க்கு மேல் இருக்கும் உடம்பில் அந்தப் புண் ஆறுவது கஷ்டம். கால் போவது பெரும்பாலும் இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகிறது.

இந்த வருடம் அவர் பூ மிதிக்கக் கூடாது என்பது என் கருத்து, அதில் வழவழப்பு இல்லை. பூசாரியிடம் பேசுங்கள். வேண்டுதலை வேறு விதமாகச் செலுத்த வழி சொல்வார்கள். பால்குடம் என்றாலும், வெயில் ஏறிய தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், அதுவும் நெருப்புதான். விரதம் இருப்பதானால் மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்ஸைத் தட்டி உதறிவிட்டுத்தான் போட வேண்டும். உள்ளே கிடக்கும் கல் அவர் காலுக்குத் தெரியாது. புண் கறுத்தாலோ, வாடை வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

பானையைப் பற்றிக் கொஞ்சம்

என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர். நாலரைக்கு எழுந்து, விடிவதற்குள் மலைக்காட்டில் ஏறி, ஐந்நூறு மரம் வெட்டி, பால் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கி வருவார். மத்தியானம் ஒரு மலை சோறு சாப்பிடுவார். அந்தச் சோறு அத்தனையும் அந்த மலையிலேயே எரிந்துவிடும். அந்த உழைப்புக்கு அளந்து வைத்த பானை அது. உங்கள் வீட்டுக்காரர் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு மணி நேரம் காவல் காக்கிறார். காடு போய்விட்டது. பானை மட்டும் அதே அளவில் அடுப்பில் இருக்கிறது.

தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த நம் ஆட்களிடம் இந்த நோய் இப்படிப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது ஆறில் ஒருவர். இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம்.

நீங்கள் அவருக்குத் தனியாகச் சப்பாத்தி சுட்டு, நாட்டுச் சர்க்கரை போட்டுத் தேத்தண்ணி கலக்கிக் கொடுக்கிறீர்கள். உங்கள் பாசம் புரிகிறது, ஆனால் இரண்டும் வீண். ஆறு சப்பாத்தியும் மாவுதான். நாட்டுச் சர்க்கரை, தேன், குலா மெலாக்கா, எல்லாம் ரத்தத்துக்குள் போனால் ஒரே சாதி. தனிச் சமையலை நிறுத்துங்கள். வீடு முழுவதற்கும் ஒரே சமையல், தட்டை மட்டும் மாற்றுங்கள். சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ (கால், கால், அரை) என்று சொல்லித் தருவது நல்ல கணக்கு. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ தவ்வோ (டோஃபு). கங்கோங், முருங்கைக்கீரை, பயற்றங்காய், வெண்டைக்காய் எல்லாம் உங்கள் பசார் மாலாமிலேயே கிடைப்பவை. இந்த நோய்க்கென்று விற்கும் விலையுயர்ந்த மாவு டப்பா எதுவும் வேண்டாம்.

இரவு வேலையில் அவருக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய எதிரி, தூக்கம் வராமலிருக்கக் குடிக்கும் பானங்கள். ஒரு ராத்திரிக்கு மூன்று தே தாரிக், ஒரு டின் பானம் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி) என்று சொல்லப் பழகினால் அதிலேயே பாதி யுத்தம் முடியும். ஒரேயடியாக முடியாவிட்டால், முதல் வாரம் ‘கூராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக). பாலும் சீனியும் நுரையுமாக இல்லாமல் தே தாரிக்கா என்று அவர் கேட்பார். எனக்கும் வருத்தம்தான்.

மாத்திரை கவரில் ‘காலை, இரவு’ என்று எழுதியிருக்கும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பவருக்கு எது காலை? அவருடைய ஷிப்ட் நேரத்தைச் சொல்லி, எந்தச் சாப்பாட்டோடு எந்த மாத்திரை என்று மருந்தாளரிடம் எழுதி வாங்குங்கள். பல அரசாங்க கிளினிக்குகளில் இதற்கென்றே மருந்தாளர் உட்கார்ந்து பேசும் நேரம் உண்டு.

சங்கிலியை அடகு வைக்க வேண்டாம்

ஒரு வெள்ளி கிளினிக் என்றால் ஒரு வெள்ளி வைத்தியம் என்று நினைக்காதீர்கள். அவருக்கு இப்போது தேவையான முக்கிய மருந்துகள், ரத்தச் சோதனை, கால் சோதனை எல்லாம் அங்கேயே நடக்கும். வருடம் ஒரு முறை கண்ணின் விழித்திரையைப் படம் எடுக்கவும் கேளுங்கள். பெரிய கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர் இருக்கிறார், அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கிட்னி சோதனை மோசமாக வந்தால் அங்கிருந்தே அரசாங்க மருத்துவமனை நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். தனியாரிடம் போனாலும், மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லாவிட்டால் அங்கேயும் அதே தப்புக் கணக்குதான், பில் மட்டும் பெரிது.

லீவுக்குப் பயந்து தேதியைத் தவறவிடுகிறார் என்றீர்கள். வேலைச் சட்டம் 1955-ன்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 18 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. நான்கு வருடம் ஆன உங்கள் வீட்டுக்காரருக்கு அதுதான் கணக்கு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்குத் தனியாக 60 நாள். சும்மா தேதிக்குப் போனால் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்காமல் போகலாம், ஆனால் அவர் வேலை காலை ஏழு மணிக்கே முடிகிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனைக்குப் பட்டினி கிடக்கவும் வேண்டாம். காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்கிவிட்டால் பத்து மணிக்கு வீட்டில் படுத்துவிடலாம்.

எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி வாங்குகிறீர்களா? ஆம் என்றால், 40 வயதைத் தாண்டிய உங்கள் இருவருக்கும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் இலவசச் சோதனை உண்டு, பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலேயே செய்துகொள்ளலாம். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா ஒழுங்காகப் பிடிக்கிறார்களா என்று அவருடைய சம்பளச் சீட்டில் பாருங்கள். பாதுகாவல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளிடம் இதில் ஓட்டை விழுவதுண்டு. உழைக்க முடியாத நிலை வந்தால் கைகொடுக்கும் திட்டங்கள் அந்தச் சந்தாவை வைத்துத்தான் நடக்கின்றன.

மற்ற இருவர்

இரண்டாவது ஆள் உங்கள் மகன். 27 வயது, 96 கிலோ, தொழிற்சாலைச் சோதனையில் மூன்று மாதச் சர்க்கரை 6.0. ‘நல்லவேளை, இன்னும் நோய் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவில் 6.3-லிருந்து இனிப்பு நீர் என்கிறோம். 5.7 முதல் 6.2 வரை அதற்கு முந்திய படி. தம்பி வாசலில் நிற்கிறார். இந்த இடத்தில்தான் செய்வதற்கு நிறைய இருக்கிறது. நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடம், சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் ஒரு பெரிய ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களிடம் நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது, மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிட்டவர்களிடம் 26.4. அதாவது நடையும் தட்டும் ஒரு மாத்திரைக்குச் சமமாக நின்றன. அவர் இருபது கிலோ குறைக்க வேண்டியதில்லை. முதலில் ஐந்தாறு கிலோ, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை, வருடம் ஒரு முறை கிளினிக்கில் சோதனை. அப்பாவைத் திருத்தும் பொறுப்பை அவர் தலையில் வைக்காதீர்கள். அவரோடு சேர்ந்து நடக்க அப்பாவைக் கூப்பிட்டால் போதும்.

மூன்றாவது ஆள் நீங்கள்.

உங்கள் கடிதத்தின் ஏழாம் பக்கத்தில், போகிற போக்கில், நான்கு விஷயங்கள் கிடக்கின்றன. எப்போதும் அசதி. உள்ளங்கால் எரிச்சல். சொல்லக் கூச்சப்பட்டு எழுதிய அந்த அரிப்பு, களிம்பு போட்டால் போய் மறுபடி வருவது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மகள் வயிற்றில் இருந்தபோது ‘கொஞ்சம் சர்க்கரை’ இருந்தது, குழந்தை 4.1 கிலோ, பிறந்ததும் சரியாகிவிட்டது என்பது நான்காவது. அதன் பிறகு நீங்கள் உங்களுக்கென்று ஒரு முறைகூடச் சோதனை செய்துகொள்ளவில்லை.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இனிப்பு நீர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். அது ‘சரியாகிவிட்டது’ என்று மூடிவைக்கும் விஷயமில்லை, வருடந்தோறும் திறந்து பார்க்க வேண்டிய கணக்கு. கூடவே இந்த அரிப்பும் எரிச்சலும். உங்களுக்கும் நோய் இருக்கலாம் என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். இந்த நாட்டில் நோய் இருப்பவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருந்தால், பார்த்துக்கொள்கிறவர் தன்னைப் பார்க்க மறந்துவிடுகிறார்.

ராத்திரி அவர் வேலைக்குப் போனதும் அழுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்கில் மனநிலை பற்றி ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. அதைக் கேட்டு வாங்கி உண்மையாக நிரப்புங்கள். தூக்கமின்மை, அசதி, அழுகை எல்லாம் மாதவிடாய் நிற்கும் வயதாலும் வரும், சர்க்கரையாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். மூன்றும் ஒன்றாகவும் வரும். எது என்று ஊகிக்க வேண்டாம், சோதிக்கலாம். தாங்க முடியாமல் போனால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைத்துப் பேசலாம்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. அவரை வழிக்குக் கொண்டுவர எட்டு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டீர்கள், கெஞ்சிவிட்டீர்கள், சண்டையும் போட்டுவிட்டீர்கள். அவர் பிடிவாதத்துக்குள் இருப்பது பயம். அண்ணன் அந்த நாற்காலியில் குழாய்களோடு நான்கு மணி நேரம் படுத்திருப்பதைப் பார்த்தவருடைய பயம். ‘உங்களுக்கு எது பயமா இருக்கு?’ என்று ஒரு நாள், மகன் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். பதிலுக்குப் பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அண்ணனையே பேசச் சொல்லுங்கள். டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பவர் சொல்வதை அவர் தட்ட மாட்டார். அப்புறம், ‘உங்களைக் கூட்டிப் போகிறேன்’ என்று சொல்லாமல், ‘எனக்குச் சோதிக்கணும், என்கூட வாங்க’ என்று சொல்லிப் பாருங்கள். தனக்காக வர மறுக்கும் ஆண்கள் பலர் மனைவிக்காக வந்து உட்காருவார்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: இருவருடைய அடையாள அட்டை, கிளினிக் புத்தகம், மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகள், அந்தக் குப்பி, உங்கள் மகளின் பிறப்பு சமயத்துக் கார்டு இருந்தால் அதுவும். கவுண்டரில் இரண்டு நம்பர் எடுங்கள், ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. இரண்டு வெள்ளி ஆகும்.